தரை டிக்கெட்டின் தீர்ப்பு: காவிரிக் கரையில் ஹாலிவுட்

ஹாலிவுட் படங்களைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, அவற்றை எடுத்தவர்களையும் நடித்தவர்களையும் அவற்றை அலசுவதையே தொழிலாகக் கொண்ட விமர்சகர்களையும் சுற்றியே நிற்கிறது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உள்ளே போய், படம் முடிந்ததும் வெளியே வந்து, டீக்கடை வாசலில் ‘பரவாயில்லை’ என்றோ ‘காசு தண்டம்’ என்றோ ஒரே மூச்சில் தீர்ப்பளித்துவிட்டு வீட்டுக்குப் போகும் சாதாரணப் பார்வையாளரின் கருத்து எந்த நூலிலும் ஏறுவதில்லை. அப்படி ஏறாமல் போன கருத்துகளுள் காவிரிப் படுகையின் கருத்து தனித்துக் கவனிக்கத்தக்கது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களும் புதுவை ஆட்சிக்கு உட்பட்ட காரைக்காலும் அடங்கிய இந்த நெல் நாட்டில், மேடையில் இருப்பவர் யாராயினும் அவரைக் கீழே உட்கார்ந்திருப்பவர் எடைபோடலாம் என்னும் உரிமை, சினிமா வருவதற்கு வெகுகாலம் முன்பே நிலைபெற்றிருந்தது. அந்த உரிமையோடு ஹாலிவுட்டைப் பார்த்தவர்கள் சொன்ன தீர்ப்புகள் அமெரிக்கத் தீர்ப்புகளோடு பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாத இடங்களில் பெரும்பாலும் காவிரிக் கரையின் பக்கமே நியாயம் இருந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இக்கதையின் தொடக்கம் திருச்சியில் இருக்கிறது. 1905-இல், தென்னிந்திய ரயில்வேயில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கினார். அவர் காட்டியவற்றுள் முதன்மையானது இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் பிரெஞ்சுப் படம்; அப்போது ஹாலிவுட்டில் ஒரு படப்பிடிப்புத் தளம்கூடக் கிடையாது. முதல் உலகப் போரில் ஐரோப்பியப் படத்தொழில் முடங்கியபோதுதான் அமெரிக்கப் படங்கள் இந்தியச் சந்தையை நிரப்பின. 1927-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியத் திரைப்படக் குழு, சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியாரின் தலைமையில் நாடெங்கும் சுற்றிச் சாட்சியம் கேட்டு, மறு ஆண்டில் அறிக்கை அளித்தபோது, நாட்டில் திரையிடப்பட்ட படங்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் வெளிநாட்டுப் படங்கள், அவற்றுள்ளும் அமெரிக்கப் படங்களே மிகுதி என்பது தெரியவந்தது.

அமெரிக்கப் படங்களில் வெள்ளைக்காரர்கள் குடித்துக் கூத்தாடுவதைக் கண்டு இந்தியர்களுக்கு ஆள்வோர்மீதுள்ள மரியாதை போய்விடுமோ என்னும் அச்சமும், அவற்றை விலக்கிவிட்டுப் பிரிட்டிஷ் படங்களை உள்ளே கொண்டுவரலாம் என்னும் வணிக ஆசையும் அக்குழு அமைக்கப்பட்டதன் பின்னணியில் இருந்தன. குழுவோ இரண்டையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தியப் பார்வையாளருக்கு எந்தப் படம் பிடித்தது என்று அது விசாரித்ததில் முன்னுக்கு வந்து நின்றது, டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் நடித்து 1924-இல் வெளிவந்த ‘பாக்தாத் திருடன்’. பறக்கும் கம்பளமும் மாயக் கயிறும் அரக்க விலங்குகளும் நிறைந்த அந்தப் படம், விக்கிரமாதித்தன் கதையையும் மதனகாமராஜன் கதையையும் பெரிய எழுத்துப் பதிப்புகளில் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வெளிநாட்டுச் சரக்காகவே தோன்றியிருக்காது. அமெரிக்கர்கள் கீழை நாட்டிலிருந்து எடுத்துக்கொண்டுபோன கதையை, இரவலாகக் கொடுத்த பாத்திரம் துலக்கித் திரும்பிவந்ததைப் போல, இவர்கள் மீண்டும் வாங்கிக்கொண்டார்கள்.

புரியாத மொழி, தெரிந்த கதை

ஆங்கிலம் தெரியாதவர்கள் ஆங்கிலப் படத்தை எப்படி ரசித்திருக்க முடியும் என்று கேட்பவர்கள் காவிரிப் படுகையின் கலை வரலாற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. தஞ்சாவூருக்கு அருகிலுள்ள மெலட்டூரில், நரசிம்ம ஜயந்தியை ஒட்டி ஆண்டுதோறும் பாகவத மேளா நடைபெறுகிறது. ஆண்களே எல்லா வேடமும் ஏற்று, பாட்டும் அபிநயமும் வசனமும் கலந்து, விடிய விடிய நடிக்கும் இந்த இசை நாடகங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வூர் வெங்கடராம சாஸ்திரி இயற்றியவை, முழுக்கத் தெலுங்கில் அமைந்தவை. பார்க்க வந்து உட்காருபவர்களில் தெலுங்கு அறியாத தமிழர்கள் நிறைய. திருவையாற்றில் தியாகராஜரின் ஆராதனையில் பாடப்படும் கீர்த்தனைகளும் தெலுங்கே. தஞ்சையை ஆண்ட மராட்டியர் அவையில் தமிழும் தெலுங்கும் மராட்டியும் வடமொழியும் ஒன்றாகப் புழங்கின. 1940-களில் எழுந்த தமிழிசை இயக்கம், தமிழர் மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று நியாயமாகவே வாதாடியது என்றாலும், அதற்கு முந்திய தலைமுறைகள் சொல் விளங்காத பாட்டையும் நாடகத்தையும் முகத்தாலும் குரலாலும் தாளத்தாலும் பின்தொடரப் பழகியிருந்தன என்பது உண்மை.

தமிழின் முதல் பேசும்படம் என்று கொண்டாடப்படும் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளியானபோது, திருவையாற்றில் பிறந்த அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேச, இந்தியும் இடையிடையே ஒலித்தது. கூட்டம் அதற்காகப் படத்தைத் தள்ளிவிடவில்லை. மௌனப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று உரத்த குரலில் கதையை விளக்கிக்கொண்டிருப்பார் என்றும், அவருடைய பேச்சுக்காகவே கூட்டம் வந்ததும் உண்டு என்றும் தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதிய சு. தியடோர் பாஸ்கரன் பதிவுசெய்திருக்கிறார். பேசும்படம் வந்து அந்தக் கதைசொல்லியின் பிழைப்பு போன பிறகு, அவருடைய வேலையைக் கூட்டத்திலிருந்த யாரோ ஒருவர், பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு அதிகம் படித்தவர், சம்பளமில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். டூரிங் டாக்கீஸ் என்பது மூங்கிலும் சவுக்குக் கம்பும் நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகை. 1955-ஆம் ஆண்டின் சென்னை மாநிலத் திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், நிரந்தரத் திரையரங்கிலிருந்து அதை வேறு பிரித்துத் தனி உரிமம் தந்தன. தரை, பெஞ்சு, நாற்காலி என்று டிக்கெட் மூன்று வகை. தரை என்றால் மணல், அந்த மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் தலை மறைக்காது. ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ரீல் தீர்ந்ததும் விளக்கு எரியும், முறுக்குத் தட்டும் சோடாக் கலரும் உள்ளே வரும், அடுத்த ரீல் மாட்டும்வரை அதுவரை கண்ட கதைக்கு உரை நடக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொட்டகைக்கு வேலை இல்லை. தை அறுவடை முடிந்து கையில் நெல்லும் காசும் புரளும் மாதங்களே அதற்கு உகந்தவை. இங்கே வந்து சேர்ந்த ஆங்கிலப் படம், பட்டணங்களில் ஓடித் தேய்ந்து கோடு விழுந்த பிரதியாக இருந்தது; கும்பகோணம், தஞ்சாவூர் போன்ற ஊர்களின் நிரந்தரத் திரையரங்குகளிலோ அதற்குப் பெரும்பாலும் காலைக் காட்சிதான் கிடைத்தது.

தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகைதான் என்று ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியிருக்கிறார், உட்காரும் இடத்தைப் பிறப்பு முடிவுசெய்யாமல் கையிலிருந்த காசு முடிவுசெய்தது என்பது, கோயில் மதிலுக்கு வெளியே நின்று நாகசுரம் கேட்க வேண்டியிருந்தவர்கள் பலர் வாழ்ந்த தஞ்சை மண்ணில் சாதாரணச் செய்தியன்று. மணலில் உட்கார்ந்து ‘இவன் சண்டை போடவே லாயக்கில்லை’ என்று ஒரு அமெரிக்க நட்சத்திரத்தைத் தள்ளுபடி செய்தவருக்கு, வேறெந்தச் சபையிலும் கருத்துச் சொல்ல இடம் இருந்திருக்காது.

கதை முன்பே தெரிந்திருப்பது ரசனைக்கு இடையூறு என்னும் இன்றைய எண்ணமும் இங்கே செல்லாது. மெலட்டூரில் பிரகலாத சரித்திரம் பார்ப்பவருக்குத் தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மம் வரும் என்பது தெரியும். கோயிலில் வைத்துப் பூசிக்கப்படும் அந்த முகமூடியை அணிந்தவர் ஆவேசம் மிகுந்து வெளிப்படும் வேளைக்காக அவர் இரவெல்லாம் விழித்திருக்கிறார். இந்தப் பொறுமையைப் பழகியவருக்கு, 1975-இல் வந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்கின் ‘ஜாஸ்’ ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுறாவை முழுதாகக் காட்டாமல் இழுத்தது குறையாகப் பட்டிருக்க வழியில்லை. இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதானதால் நேர்ந்த கட்டாயம் அது என்பது வேறு கதை. 1993-இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடினாலும், டைனோசர்கள் திரையில் இருக்கும் நேரத்தைக் கூட்டினால் ஏறத்தாழக் கால் மணிதான் தேறும். பின்னர் வந்த பல பூத விலங்குப் படங்கள் முதல் காட்சியிலேயே எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் பிறகு காட்ட ஒன்றுமில்லாமல் தவித்ததைப் பார்க்கும்போது, மெலட்டூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒன்றை ஹாலிவுட் மறந்துவிட்டது என்றே தோன்றுகிறது.

அமெரிக்கா கைவிட்டதும் தமிழ்நாடு கொண்டாடியதும்

பார்வையாளரின் தனித் தீர்ப்புக்கு மிகத் தெளிவான சான்று ‘மெக்கன்னாஸ் கோல்ட்’. ஜே. லீ தாம்சன் இயக்க, கிரகரி பெக்கும் ஓமர் ஷெரீஃபும் நடித்து 1969-இல் வெளியான இந்தக் கௌபாய்ப் படம் அமெரிக்காவில் எடுபடவில்லை. இந்தியாவிலோ, குறிப்பாகத் தமிழ்நாட்டில், அது மீண்டும் மீண்டும் திரையிடப்பட்டுப் பல ஆண்டுகள் கூட்டம் சேர்த்தது. அமெரிக்க விமர்சகர்கள் அதைக் கௌபாய்ப் படங்களின் வரிசையில் வைத்துப் பார்த்து, அந்த வகைக்கு உரிய இறுக்கம் இல்லை என்று ஒதுக்கினார்கள். இங்குள்ளவர் அதைப் புதையல் கதையாகப் பார்த்தார். தங்கப் பள்ளத்தாக்கு, அதற்குக் காவலாக ஒரு சாபம், போகிற வழியில் ஒவ்வொருவராகப் பேராசைக்குப் பலியாவது, காலைக் கதிரில் பாறைத் தூணின் நிழல் நீண்டு வழிகாட்டுவது, முடிவில் மலையே சரிந்து பள்ளத்தாக்கை மூடிக்கொள்வது ஆகிய அனைத்தும் பாட்டி சொல்லிக் கேட்ட கதையின் உறுப்புகள். அவற்றின் அளவை மட்டும் அமெரிக்கா பெரிதாக்கியிருந்தது. இரண்டு மதிப்பீடுகளில் எது சரி என்றால், படத்தை அது என்னவாக இருக்கிறதோ அப்படியே பார்த்தது தரை டிக்கெட்தான்.

ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ போன்ற தமிழ்க் கௌபாய்ப் படங்கள் 1972-லேயே வந்துவிட்டன. சிம்புதேவன் இயக்கிய ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ 2010-இல் அந்த வகையையே கேலி செய்தபோது, கேலி புரியும் அளவுக்குத் தமிழ்ப் பார்வையாளருக்கு அதில் தேர்ச்சி இருந்தது.

சிசில் பி. டெமில் இயக்கிய ‘பத்துக் கட்டளைகள்’ (1956), வில்லியம் வைலர் இயக்கிய ‘பென்ஹர்’ (1959) ஆகிய இரண்டும் வேறு வகையில் பொருந்தின. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும் இவ்விரு படங்களும் தமக்கென இடைவேளையோடே வந்தவை; ஆகவே, ஒன்றரை மணி நேர ஆங்கிலப் படத்தை எங்காவது ஓரிடத்தில் வெட்டி விளக்குப் போட்டு ‘இடைவேளை’ என்று எழுதிக்காட்டும்போது நேரும் அபத்தம் இவற்றில் நேரவில்லை. கடல் பிளப்பதையும் தேர்ப் பந்தயத்தையும் காணப் பார்வையாளருக்கு ஒரு சொல் ஆங்கிலம் தேவைப்படவில்லை. டெமிலோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட தமிழர், திருத்துறைப்பூண்டியில் பிறந்து ‘ஆனந்த விகட’னையும் ஜெமினி ஸ்டுடியோவையும் நடத்திய எஸ்.எஸ். வாசன், அவருடைய ‘சந்திரலேகா’ (1948) பெருமுரசுகளின்மேல் ஆடும் நடனத்தோடு இந்தியா முழுவதையும் வளைத்துப்போட்டு, சுருக்கப்பட்ட வடிவில் ‘சந்திரா’ என்ற பெயரில் அமெரிக்காவிலும் காட்டப்பட்டது.

திருத்தி எழுதப்பட்ட முடிவுகள்

சாதாரணப் பார்வையாளரின் கருத்தை நேரடியாகக் கேட்டு எழுதிவைத்தவர்கள் குறைவு என்றாலும், அந்தக் கருத்தை ஊகிக்க வேறொரு வழி இருக்கிறது: ஹாலிவுட் கதையைத் தமிழில் எடுத்தவர்கள், தங்கள் கூட்டத்துக்கு எது பிடிக்காது என்று கருதி எந்த இடத்தை மாற்றினார்கள் என்று பார்ப்பது. மாற்றம் பெரும்பாலும் முடிவில்தான் விழுந்தது.

1937-இல் வெளிவந்த ‘செண்டாவின் கைதி’ படத்தில், அரசனைப் போலவே உருவம் கொண்ட ஆங்கிலேயக் கனவான் ஆபத்தில் அரசனாக நடித்து நாட்டைக் காப்பாற்றிவிட்டு, காதலித்த இளவரசியையும் விட்டுவிட்டுக் குதிரையேறிப் போய்விடுகிறார். அரசு அரசனிடமே திரும்புகிறது. இதே உருவ ஒற்றுமையை எடுத்துக்கொண்ட எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ (1958), கிடைத்த அரியணையை வெறுமனே பாதுகாத்துக் கொடுப்பதற்கு ஒப்பவில்லை. அரசனாக அமர்ந்த நாடோடி ஏழைகளுக்கான சட்டங்களை அறிவிக்கிறான், இறுதியில் நாடு மக்களாட்சிக்கு வந்து சேர்கிறது. மிராசுதாரிடமிருந்து நியாயமான கூலியும் வாரமும், அதாவது விளைச்சலில் பங்கும், பெறப் போராட்டம் நடந்துகொண்டிருந்த, 1952-இல் அதற்கெனவே தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்த ஒரு மாவட்டத்தில், அரசு கையில் வந்தபின் சும்மா திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும் கனவானை யார் மதித்திருப்பார்கள்?

பிரான்சிஸ் ஃபோர்டு கொப்பாலாவின் ‘காட்ஃபாதர்’ (1972) சாயலைக் கொண்ட ‘தேவர் மகன்’ (1992), தந்தையின் இடத்துக்கு வந்த மகன் குற்ற உலகின் தலைவனாகவே நிலைபெறும் அமெரிக்க முடிவை ஏற்காமல், கையில் இரத்தக் கறை பட்டவனைச் சிறைக்கு அனுப்பியது. மணமுறிவு பெற்ற தந்தை மாறுவேடத்தில் பிள்ளைகளைப் பார்க்க வரும் ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ (1993) பெற்றோரைச் சேர்த்துவைக்காமலே முடிகிறது. அதைத் தழுவிய ‘அவ்வை சண்முகி’ (1996) சேர்த்துவைத்தது. முன்னதில் தமிழ் முடிவு அறத்தில் கூர்மையானது என்று சொல்லலாம். பின்னதில் அமெரிக்கப் படம் காட்டிய நேர்மைக்குத் தமிழ்ப் படம் வரவில்லை, கிரேஸி மோகனின் நகைச்சுவை அந்தக் குறையை மூடிவிட்டது.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை என்பதற்கு எல்லிஸ் ஆர். டங்கன் சாட்சி. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்து, கலிஃபோர்னியாவில் திரைப்படக் கலை பயின்று, 1935-இல் இந்தியாவுக்கு வந்த அவர், தமிழ் அறியாமலே பதினைந்து ஆண்டுகள் தமிழ்ப் படங்களை இயக்கினார். மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் நடிக்க அவர் எடுத்த ‘அம்பிகாபதி’ (1937), தேரழுந்தூர்க் கம்பரின் மகனுக்கும் சோழன் மகளுக்கும் உண்டானதாகச் சொல்லப்படும் காதலை, ரோமியோ-ஜூலியட் பாணியில் மாடத்துக் காட்சியோடு படமாக்கியது. திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’ (1950) அவருடைய கடைசித் தமிழ்ப் படங்களுள் ஒன்று. மொழி தெரியாத அமெரிக்கர் தமிழர்களை இயக்குவதும், மொழி தெரியாத தமிழர்கள் அமெரிக்கர்களைப் பார்ப்பதும் ஒரே காலத்தில் நடந்துகொண்டிருந்தன. இரு தரப்பும் முகத்தையும் அசைவையும் நம்பித்தான் வேலை செய்தன.

தமிழ் பேசத் தொடங்கிய பின்

கொட்டகைகள் மறைந்த காலத்தில் ஹாலிவுட் வேறு வழிகளில் வந்தது. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியதும், சென்னை ஒளிபரப்பு எட்டாத வேதாரண்யம், நாகப்பட்டினம் கடற்கரை ஊர்களில் உயரக் குழாய்களின் உச்சியில் ஆண்டெனா ஏறி, கடல் தாண்டி வந்த ஆங்கிலத் தொடர்களும் படங்களும் புள்ளி மழைக்கு நடுவே தெரிந்தன. பின்னர் டெக்கும் கேசட்டும் வாடகைக்கு வந்தன. அதன்பின் தனியார் தொலைக்காட்சிகள். 1990-களின் இறுதியிலிருந்து டப்பிங், அதாவது நடிகரின் உதட்டசைவுக்கு ஏற்பத் தமிழ் வசனம் எழுதி வேறொருவர் குரலில் பதிவது, பரவலாயிற்று. ‘ஸ்பைடர்-மேன்’ (2002) போன்றவை தமிழிலேயே திரையரங்குக்கு வர, ஆங்கிலப் படம் என்பது படித்தவர்களின் காலைக் காட்சி என்னும் நிலை முற்றாக மாறியது.

தமிழ் பேசியதால் தீர்ப்பு இளகிவிடவில்லை. 1997-இல் வந்த ‘அனகோண்டா’வை எடுத்துக்கொள்ளலாம், அமேசான் ஆற்றில் ஆவணப்படக் குழுவை ராட்சதப் பாம்பொன்று ஒவ்வொருவராக விழுங்கும் அந்தப் படம் தமிழ்நாட்டில் பேரும் புகழும் பெற்றது. ஆனால் வயல் வரப்பில் சாரைப்பாம்பு எலியைப் பிடிப்பதைக் கண்டு வளர்ந்தவருக்கு, இரை விழுங்கிய பாம்பு வயிறு புடைத்து நகர மாட்டாமல் நாள்கணக்கில் கிடக்கும் என்பது தெரியும். விழுங்கிய ஆளைக் கக்கிவிட்டு உடனே அடுத்த ஆளைத் துரத்தும் பாம்பும், கக்கப்பட்ட ஜான் வாய்ட் கண்ணடிப்பதும் அவருக்குப் பயத்தைக் காட்டிலும் சிரிப்பையே தந்தன. நஞ்சு உண்டா இல்லையா, நீரில் எவ்வளவு வேகம் போகும் என்றெல்லாம் படம் முடிந்தபின் நடக்கும் வாதத்தில், விலங்கியல் புத்தகத்தைப் புரட்டாமலே பாதிப் புத்தகம் வந்துவிடும்.

குரல் விஷயத்தில் இந்தக் கூட்டம் மேலும் கறாரானது. 2019 ஏப்ரலில் வெளியான ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்தின் தமிழ்ப் பதிப்புக்கு இயக்குநர் ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுத, அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தனர். விளம்பரத்துக்கு நல்ல உத்திதான். ஆனால், பல ஆண்டுகளாக ஒரு குரலோடு பழகிப்போன பாத்திரத்தின் வாயிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த வேறொரு நட்சத்திரம் பேசியபோது, திரையில் இருந்தவர் அயர்ன் மேனாகவும் இல்லை, விஜய் சேதுபதியாகவும் இல்லை என்று ரசிகர்கள் வெளிப்படையாகக் குறைபட்டனர். அதே ஆண்டு வந்த ‘லயன் கிங்’ படத்தில் டிமோனுக்குச் சிங்கம்புலியும் பும்பாவுக்கு ரோபோ சங்கரும் பேசியது பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம், விலங்குக்கு முன்பே உரிய மனிதக் குரல் ஒன்று பார்வையாளரின் காதில் குடியிருக்கவில்லை என்பதே. பாடகரின் சாரீரத்துக்கு ஒவ்வாத சுருதியை முதல் வர்ணத்திலேயே கண்டுபிடித்துவிடும் மண்ணில் இது வியப்பில்லை.

அலையும் புழுதியும்

பேரழிவுப் படங்களைப் பொறுத்தமட்டில் காவிரிப் படுகையின் பார்வையாளர் உலகின் மற்றப் பார்வையாளரிடமிருந்து விலகி நிற்கிறார். நியூயார்க் நகருக்குள் கடல் புகும் ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’ 2004 மே மாதம் வெளியானது. அதே ஆண்டு டிசம்பர் 26, ஞாயிறு காலையில், சுமத்ரா அருகே நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் விசைப்படகுகள் பாலத்தோரமும் வீடுகள்மேலும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்ரீகர்கள் மணலில் இருந்தனர்.

ஹாலிவுட்டின் பேரலை கண்ணாடிச் சுவர்போல் உயர்ந்து, ஒரு கணம் நின்று, நாயகன் திரும்பிப் பார்க்க அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் விழும். ரோலண்ட் எம்மெரிக்கின் ‘2012’ (2009) படத்தில் அலை இமயமலையையே தாண்டுகிறது. நாகைக் கரையில் வந்தது அப்படிப்பட்ட அழகிய அலையன்று; சேறும் மரக்கட்டையும் வலையும் படகும் சுமந்து, தரையோடு தரையாகத் தெருவுக்குள் ஓடிவந்த கறுத்த நீர், அதில் மூழ்கி இறந்தவர்களோடு அடிபட்டு இறந்தவர்களும் உண்டு. அந்த நீரை ஓரளவுக்கு உண்மையாகக் காட்டிய ஹாலிவுட் படம் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘ஹியர்ஆஃப்டர்’ (2010): தாய்லாந்துக் கடற்கரைக் கடைவீதிக்குள் பழுப்பு நீர் புகுந்து, தட்டுமுட்டுச் சாமான்களோடு மனிதர்களைப் புரட்டிக்கொண்டு போகும் அதன் தொடக்கக் காட்சி, காட்சி நுட்பத்துக்காக ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. 2011 மார்ச்சில் ஜப்பானை ஆழிப்பேரலை தாக்கியதும் அங்கே அந்தப் படம் திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்துக்கு அத்தகைய கரிசனத்தை எந்த நிறுவனமும் காட்டியதில்லை. ‘2012’ தமிழ் பேசிக்கொண்டே வந்தது, அதைப் பார்க்கக் கூட்டமும் போனது. இழப்பை நேரில் கண்டவர்கள் அதைப் போன்ற ஒன்றைக் காசு கொடுத்துப் பார்த்ததற்கு மனவியல் விளக்கங்கள் பல இருக்கலாம் என்றாலும், எளிய காரணம் ஒன்று உண்டு: திரையில் வந்த அலை அவர்கள் கண்ட அலையைப் போல இல்லவே இல்லை.

அலையைக் காட்டிலும் அருகில் வரும் படம் கிறிஸ்டோபர் நோலனின் ‘இன்டர்ஸ்டெல்லர்’ (2014). விண்வெளியும் கருந்துளையும் பற்றியதாகவே அது எங்கும் பேசப்படுகிறது. முதல் முக்கால் மணி நேரம் அது விவசாயப் படம் என்பதை நெல் நாட்டுப் பார்வையாளர் தவறவிட முடியாது. முன்னாள் விண்வெளி விமானி இப்போது மக்காச்சோளம் பயிரிடுகிறார். கருகல் நோயால் கோதுமை அழிந்துவிட்டது, அந்த ஆண்டோடு வெண்டைக்காயும் முடிந்தது என்ற செய்தி வருகிறது, எஞ்சியிருப்பது மக்காச்சோளம் ஒன்றே. புழுதிப் புயல் அடிப்பதால் சாப்பாட்டுத் தட்டுகளை மேசையில் கவிழ்த்துவைக்கிறார்கள். 1930-களில் அமெரிக்கச் சமவெளியை உண்மையிலேயே மூடிய புழுதியை நினைவுகூரும் முதியவர்களின் ஆவணப் பேட்டிகள் படத்தின் தொடக்கத்தில் இணைக்கப்பட்டுள்ளன. 2025 பிப்ரவரியில் இந்தியத் திரையரங்குகளுக்கு அது திரும்பி வந்தபோது, கருந்துளைக் காட்சிக்காகப் பலர் மறுமுறை போனார்கள்.

டெல்டா விவசாயி ஒருவர் அதைப் பார்த்தால் எழக்கூடிய முதல் ஐயம் கருந்துளையைப் பற்றியதாக இராது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்குமா, திறந்தால் கடைமடைக்கு, அதாவது வாய்க்கால் முடியும் கடைசி வயலுக்கு, எப்போது தண்ணீர் வரும், குறுவை என்னும் குறுகிய காலப் பயிரைப் போடலாமா, நேராக நீண்ட காலச் சம்பாவுக்குப் போவதா என்று கணக்குப் போட்டே ஆண்டைத் தொடங்குகிறவர் அவர். உலகமே பட்டினியில் சாகப் போகிறது என்று சொல்லும் ஒரு படம், நோயையும் புழுதியையும் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அந்தச் சோளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொருட்படுத்தாமல் கடப்பது அவருக்குக் கதையின் பெரிய ஓட்டையாகத் தெரியும். மகளை விட்டுப் பிரியும் தந்தையின் அழுகைக்கு அவர் கண் கலங்கலாம். நிலத்தை விட்டுவிட்டு வேறு கோளுக்குப் போவதே தீர்வு என்பதை ஒப்புக்கொள்வாரா என்பது ஐயமே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தபோது, காய்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தே அதே குழியில் மறுபடி கன்று வைத்தவர்கள் இருக்கும் ஊர் இது.

இந்தப் படத்துக்காகக் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் 500 ஏக்கரில் உண்மையாகவே மக்காச்சோளம் பயிரிடப்பட்டது; படப்பிடிப்புக்குப் பின் விளைச்சலை விற்றதில் லாபமும் வந்ததாக நோலன் கூறியிருக்கிறார். கருந்துளைக்குள் விழுந்த மனிதன் உயிரோடு திரும்புவதைத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் எப்படியாவது நம்பிவிடுவார்கள். முதல் முறை பயிர் வைத்தவர், புழுதியடித்து மிதித்துப் படமும் எடுத்துவிட்டு, மிஞ்சியதை லாபத்துக்கு விற்றார் என்பதை, அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நனைந்த நெல்லோடு ஈரப்பதச் சலுகைக்குக் காத்துக் கிடந்தவரிடம் சொல்லி நம்பவைப்பது கடினம்.